அப்பா பார்க்க வந்த உலோகக் கண்ணாடி

கூட்டத்துக்கு நடுவே தனியாக நிற்பதற்கென்று ஒரு முகம் வேண்டும். எனக்கு அது இன்றுவரை வாய்க்கவில்லை.

தொண்ணூறுகளின் கடைசி. பெங்களூரில் ஆராய்ச்சி மாணவன். ஈஜிபுராவில் ஒற்றை அறை. (பேச்சுத் துணைக்கு சீலிங் ஃபேன். அதுவும் கரண்ட் இருந்தால்.) எங்கள் ஆய்வுக்கூடத்தைப் பொதுமக்கள் சுற்றிப்பார்க்கும் நாளில் எனக்கும் ஒரு மேசை கொடுத்தார்கள். பக்கத்து மேசையில் திரவ நைட்ரஜனில் முக்கியெடுத்த வாழைப்பழத்தால் ஆணி அடித்துக்கொண்டிருந்தார்கள். ஊரே அங்கே. என் மேசையில் விரல் நீளத்துக்கு ஓர் உலோக நாடா. என்னிடம் வந்தவர்களெல்லாம் டாய்லெட் எந்தப் பக்கம் என்று கேட்டார்கள்.

அப்புறம் ஆம்பூரிலிருந்து அப்பா வந்தார். இத்தனை வருஷமாக உங்கள் பையன் என்னதான் படிக்கிறான் என்று கேட்பவர்களுக்குச் சொல்ல அவருக்கு ஒரு பதில் தேவைப்பட்டது. எனக்கும்தான்.

“இது உலோகக் கண்ணாடிப்பா. உருக்கின உலோகத்தைச் சட்டுனு குளிர வச்சா, அணுவெல்லாம் வரிசையில நிக்க நேரமிருக்காது. சிவாஜிநகர் பஸ் ஸ்டாண்டு கூட்டம் மாதிரி அப்படியே நின்னுடும்.”

“சரி, வளைச்சா?”

“எங்க கொஞ்சம் இடைவெளி இருக்கோ, அங்க ஒரு சின்னக் கும்பல் சேர்ந்து நகரும். அது இடிச்சு பக்கத்துக் கும்பல் நகரும். கடைசில ஒரு மெல்லிசு பட்டையா வழுக்கும். அதான் ஒடியாம வளையுது. பாருங்க.”

வளைத்தேன். ‘டிக்’. ஒரு துண்டு அப்பாவின் சட்டைப் பைக்குள் போய் விழுந்தது.

உருகாத அளவுக்குச் சூடேற்றி வைத்தால் இந்த அணுக்கள் இன்னும் நெருங்கி உட்கார்ந்துவிடும். நகர இடமில்லாமல் நாடா ஒடியும். சூடேற்றியதும் ஏற்றாததும் பார்வைக்கு ஒன்றுபோலவே மின்னும். இரண்டையும் ஒரே மாதிரி ஃபிலிம் ரோல் டப்பாக்களில் போட்டு, லேபிள் ஒட்டாமல் விட்ட மேதை அடியேன்.

சத்தம் கேட்டு, வாழைப்பழக் கூட்டம் முதன்முறையாக என் பக்கம் திரும்பியது. “பாளெஹண்ணே வாசி,” என்றார் ஒரு கன்னடத்து அம்மாள். (வாழைப்பழமே தேவலையாம்.)

அப்பா பையிலிருந்து துண்டை எடுத்து வெளிச்சத்தில் பார்த்தார். “பரவால்லடா. சுத்தமா உடையுது.”

ஊர் போய்ச் சேர்ந்ததும் அதைத் தெருவில் எல்லோரிடமும் காட்டினாராம். “பையன் உடைச்சது. கவர்மெண்டே சம்பளம் குடுத்து உடைக்கச் சொல்லுது.”

இன்றும் போனில் நான் கொஞ்சம் குரலை உயர்த்தினால் போதும், தங்கை பின்னால் இருப்பவர்களிடம் சொல்வாள்: “அண்ணனைச் சூடாக்காதீங்க, டிக்குனு ஒடிஞ்சிடும்.” ஆம்பூரில் எல்லோரும் சேர்ந்து சிரிப்பார்கள். நானும் சிரிப்பேன், இங்கே, ஃபேனுக்குக் கீழே.