நாற்பது எலிக்கும் தீட்டு உண்டா?

ஆழ்வார்திருநகரி,
ஞாயிற்றுக்கிழமை

சிரஞ்சீவி பார்கவிக்கு அப்பா சுந்தர்ராமன் அநேக ஆசீர்வாதம். இங்கே நானும் அம்மாவும் சௌக்கியம். என் கொழுப்பு மட்டும் இருநூற்று நாற்பத்தெட்டில் நிற்கிறது. போனில் சொன்னால் பாதியிலேயே "அப்பா!" என்று கத்துவாய், அதனால்தான் ஸ்பீட் போஸ்ட்.

மூன்று வருஷம் முன்பு வந்தபோது என் ரத்தத்தை எடுத்துக்கொண்டு ஹைதராபாத் போனாய் அல்லவா? அதிலிருந்து ஒரு மரபணுவைப் படியெடுத்து, எலிக்குள் வைத்து, நாற்பது எலி வளர்த்திருக்கிறாய் என்று அம்மா சொன்னாள். நல்ல கொழுப்பிடம் இருப்பதை எடுத்துக் கெட்ட கொழுப்பிடம் கொடுக்கிற புரதமாம், எலி ஜாதிக்கே அது கிடையாதாம், என்னால்தான் வந்ததாம். "உங்களுக்கு இருக்காதா பின்னே? ஆத்துல இருக்கற நல்ல பாத்திரத்தையெல்லாம் ஊருக்குத் தூக்கிக் குடுத்துட்டு வருதவராச்சே!" என்கிறாள் உன் அம்மா. போகட்டும். வருகிற வியாழக்கிழமை அந்த நாற்பதையும் கொன்று ஈரலைப் பார்க்கப் போகிறாய் என்று கேட்டதும் எனக்குச் சோறு இறங்கவில்லை. ஏனென்றால் பதினோரு வருஷம் கேட்டுக் கேட்டு, இந்த உற்சவத்தில் சனிக்கிழமை பெருமாளுக்குக் குடை பிடிக்க என் பெயரைப் போட்டிருக்கிறார்கள். ரத்த சம்பந்தம் உள்ளது போனால் தீட்டு அல்லவா? நம் ஸ்ரீவிஷ்ணு வாத்தியாரைப் பிடித்தேன். அவருக்கு வயசு முப்பது, ஆனால் ஆசாரத்தில் புலி.

"மாமா, அதுகளுக்குப் பல்லு முளைச்சாச்சா?"

"எலி வே அது! பல்லு இல்லாம இருக்குமா?"

"பூணூல் போடலையே?"

"எலிக்கு யாருவே பூணூல் போடுதா?"

"அப்போ பல்லு முளைச்சு பூணூல் போடாத குழந்தை கணக்கு, மூணு நாள் தீட்டு. சனிக்கிழமை குடையைத் தொடப்படாது."

வியாழன், வெள்ளி, சனி. கணக்காக விழுகிறது பார். ஆகையால் பார்கவி, அந்தக் காரியத்தைத் திங்கட்கிழமைக்குத் தள்ளி வை. நாலே நாள். உன் பேராசிரியருக்கும் நானே ஒரு கடிதம் எழுதத் தயார்.

வேளைக்குச் சாப்பிடு, தலைக்கு எண்ணெய் வை. பெருமாள் உன் பக்கத்திலேயே இருப்பார்.

உன் அப்பா,
சுந்தர்ராமன்

பி.கு.: உறையை ஒட்டும்முன் அம்மா வாங்கிப் படித்துவிட்டு என்னைக் கடித்துக் குதறிவிட்டாள். எலிக்குத் தீனி போட்ட வாரக் கணக்கு ஒரு நாள் தவறினாலும் உன் மூன்று வருஷ உழைப்பு வீணாமே! அது போதாதென்று, "அதுகளை நானே கையில வெச்சு வளர்த்தேன்மா, எப்படிம்மா கொல்லுவேன்னு உங்க பொண்ணு போன்ல அழுதுண்டே பேசுதா, நீங்க குடையைப் பத்திப் பேசுங்கோ" என்றாள். எனக்கு வெட்கமாகப் போய்விட்டது, கண்ணே. ஒன்றையும் தள்ளாதே. குடையை எதிர்வீட்டு ஜம்புவிடம் ஒப்படைத்துவிட்டேன். வியாழக்கிழமை நீ உள்ளே போகிற நேரத்துக்கு நான் தாமிரபரணியில் இறங்குகிறேன், எலிக்கு ஒன்றாக நாற்பது முழுக்கு. முடிந்ததும் அம்மாவுக்குப் போன் பண்ணு, படித்துறையில்தான் நிற்பாள். நீ கூப்பிடுகிறவரை நான் கரையேற மாட்டேன்.