கூரை போடுவதற்கு முந்தைய நாள்

கிளாரண்டன், ஜமைக்கா
வெள்ளிக்கிழமை

அன்புள்ள மெர்லீன் அக்காவுக்கு,

இங்கு நானும், வாங்கிக் கட்டிவைத்திருக்கும் ஆடும் நலம். லண்டன் குளிரில் நீயும் மாமாவும் அவ்வாறே இருக்க வேண்டுகிறேன்.

சுவர் எழும்பிவிட்டது. புயல் மாதங்களுக்கு முன் கான்கிரீட் கூரை போட்டாக வேண்டும். போன வருடம் தகரத்தைக் கொண்டுபோன காற்று இந்த வருடம் என்னையே கொண்டுபோகும். வழக்கம் நீ அறிந்ததுதான்: ஊரார் வரிசையாய் நின்று வாளி கைமாற்றி ஒரே நாளில் ஊற்றி முடிக்க வேண்டும், கூலி கிடையாது, ஆட்டுச் சூப்பும் ரம்மும்தான். ஆகவே தன்மானத்தை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு வீடு வீடாகப் போனேன். முதலில் என் ஈரப்பலா மரத்துக் கிளையை வெட்டிப்போட்ட பக்கத்துவீட்டு கிளைவ். அவனோடு பேசி வருடக்கணக்காகிறது.

"நாளைக்குக் கூரை போடறேன். வருவியா?"

"நோ பிராப்ளம், வாத்தியாரே!"

"எத்தனை மணிக்கு?"

"அதெல்லாம் ஒரு பிராப்ளமா?"

கடையில் டாமினோ ஆடிய நால்வரும் கட்டையிலிருந்து கண்ணெடுக்காமல் அதையே சொன்னார்கள். கடைக்கார இசில்டா மட்டும், "நீங்க யார் வீட்டுக் கூரைக்காவது வாளி தூக்கியிருக்கீங்களா சார்?" என்றாள். "எனக்கு முதுகு..." என்றேன். "பிராப்ளம் இல்ல சார், சும்மாதான் கேட்டேன்."

பஸ் வராவிட்டாலும் இங்கே நோ பிராப்ளம். சித்தப்பாவின் சவப்பெட்டி குழிக்குள் இறங்காதபோது குழி வெட்டியவன் சொன்னதும் அதே. நான் கணக்கு வாத்தியார். பிராப்ளம் இருந்தால்தான் விடை வரும் என்று நம்பி வாழ்ந்தவன். இவர்கள் கணக்கைப் போடாமலே அழித்துவிடுகிறார்கள். ஒருவேளை வேறெப்படியும் இந்தத் தீவில் காலந்தள்ள முடியாதோ என்னவோ. ஆனால் அந்தச் சொல்லை நம்பிக் கூரை போட முடியாது. நாளை ஒருவனும் வரமாட்டான். வீட்டை விற்றுவிட்டு உன்னிடமே வருகிறேன். பின்னறையைக் காலி செய்து வை.

உன் பிள்ளைகளைக் கடவுள் காக்கட்டும். இந்த ஊரை அவர் இஷ்டப்படி செய்யட்டும்.

உன் தம்பி,
லின்வால்

பின்குறிப்பு (சனி மாலை): அறையைக் காலி செய்யாதே. விடியுமுன் வாசலில் ஒரே சத்தம். கிளைவ் மண்வெட்டியோடு முதலில் நின்றான். டாமினோ மேஜையே எழுந்து வந்திருந்தது. சூப்பில் உப்பில்லை என்று இசில்டா திட்டினாள். "வாத்தியாரே, நீங்க எண்ணிக்கிட்டு நில்லுங்க, தூக்கறதை நாங்க பாத்துக்கறோம்!" என்று வரிசையிலிருந்து கேலி வேறு. கூரை முடிந்தது. ஆட்டின் நலம் பற்றி இனி எழுதுவதற்கில்லை.

அடுத்த சனிக்கிழமை கிளைவின் தம்பி வீட்டுக் கூரையாம். "வருவீங்களா?" என்றான். முதுகு, வெயில், ஈரப்பலாக் கிளை எல்லாம் நாக்கு நுனிவரை வந்தன. வெளியே வந்தது அந்தச் சொல்தான்.

மாமா தடவிக்கொள்ளும் முதுகுவலித் தைலம் ஒரு புட்டி உடனே அனுப்பு.