பஞ்சநதம் தேடிய தாளம்

அறுபதாம் கல்யாணத்தன்றாவது வாயைத் திறந்து முழுசாகப் பேசி முடித்துவிடுவது என்று பஞ்சநதம் முடிவு செய்தார். குத்தாலத்தில் நாலு பேர் மதிக்கிற விவசாயி. வீட்டில் மட்டும் அவர் ஆரம்பிக்கிற எதையும் மனைவி கமலவல்லிதான் முடித்துவைப்பாள்.

திருக்கடையூரில் மாலை மாற்றி, தாலி கட்டி, சடங்கெல்லாம் முடிந்ததும் மண்டபத்தில் மைக் அவர் கைக்கு வரும். பேசினால் கமலவல்லி குறுக்கே புகுவாள். பாடினால்? அதுவும் இந்தக் காலத்துப் பிள்ளைகள் மாதிரி, பின்னால் தாளம் அதிர அதிரப் பொரிந்து தள்ளினால்? கொல்லைப்புறத்துப் பம்ப்செட் கொட்டகையில் உட்கார்ந்து பாட்டும் எழுதிவிட்டார். உழைத்தது, தேய்ந்தது, ஒருத்தரும் மதிக்காதது எல்லாம் அதில் இருந்தது. 'நானில்லாட்டி இந்த வீடு நடக்குமா?' என்பது பல்லவி.

தாளம்தான் பாக்கி. பாட்டில்லாத வெறும் தாளம் இணையத்தில் கொட்டிக் கிடக்கிறதாம். பீட் என்று பெயர். என்ன வகை, எப்படி இருக்க வேண்டும் என்று நாலு வார்த்தை தட்டினால் வந்து விழுமாம். பஞ்சநதம் 'கோபம்' என்று தட்டினார். யாரோ பாத்திரக்கடையைப் போட்டு உடைத்தார்கள். 'சோகம்' என்றார். எழவு வீட்டுக்குக் கூப்பிட்டது. 'கிராமம்' என்றதற்கு வெளிநாட்டு மாடு ஒன்று கத்தியது. வெறுத்துப்போய் 'கோபம், சோகம், கிராமம், கௌரவம்' என்று மொத்தமாகத் தட்டினார். எதுவும் கிடைக்கவில்லை என்றது.

"சனியன்! கேக்குறதத் தவிர எல்லாத்தையும் குடுக்குது!"

"என்னங்க தேடுறீங்க?" கமலவல்லி வந்து நின்றாள்.

"பாட்டுக்குத் தாளம்."

"யாரப் பத்திப் பாட்டு?"

"உன்னப் பத்தித்தான். புகழ்ந்து."

"அதான் கொட்டகையில 'நானில்லாட்டி நானில்லாட்டி'ன்னு கத்திக்கிட்டு இருந்தீங்களா?"

"அது வந்து..."

"போனக் குடுங்க. என்ன போட்டீங்க? கௌரவமா? இருக்கிறதத் தேடுங்க."

கமலவல்லி 'நாட்டுப்புறம், நிதானம், புலம்பல்' என்று தட்டினாள். முதலில் வந்ததே கச்சிதமாகப் பொருந்தியது. பஞ்சநதத்துக்கு எரிச்சலாகவும் இருந்தது, கால் தன்னால் தாளமும் போட்டது.

"எப்பிடி கமலா?"

"எத்தன வருஷமாக் கேக்குறேன், எனக்குத் தெரியாதா?"

"நடுவுல நடுவுல சத்தமே இல்லாம நிக்குதே?"

"மூச்சு வாங்க வேணாமா? அறுபது வயசாவுதுல்ல."

அக்கறை என்று நம்பினார். தாளத்தைப் பென் டிரைவில் ஏற்றும் பொறுப்பை மகள் ஜீவிதாவிடம் கொடுத்தார்.

கல்யாணத்தன்று மண்டபத்தில் சொந்தபந்தம் நிறைந்திருந்தது. தாளம் அதிர்ந்தது. முதல் சரணத்தைப் பஞ்சநதம் வெளுத்து வாங்கினார். தாளம் நின்றது. மூச்சு வாங்கினார்.

"ஏங்க, கொல்லக் கதவப் பூட்டுனீங்களா?"

கமலவல்லியின் குரல். ஸ்பீக்கரிலிருந்து. கமலவல்லியோ மாலையும் கழுத்துமாகப் பக்கத்து நாற்காலியில் வாயை மூடி உட்கார்ந்திருந்தாள்.

"பூட்டிட்டேன் கமலா," என்று பஞ்சநதம் பழக்கதோஷத்தில் மைக்கிலேயே பதில் சொன்னார்.

மண்டபம் கொல்லென்று சிரித்தது. ஆம்ப்ளிஃபையர் பக்கம் ஜீவிதா புடவைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு நின்றாள். அம்மாவும் மகளும் சேர்ந்து குரலைப் பதிவுசெய்து இடைவெளிகளில் செருகியிருக்கிறார்கள்! அவருக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அடுத்த சரணத்தைத் தொண்டை கிழியப் பாடினார். மறுபடி தாளம் நின்றது.

"ஏங்க, மோட்டார நிறுத்துனீங்களா?"

இந்தத் தடவை பதில் சொல்வதில்லை என்று பல்லைக் கடித்துக்கொண்டு நின்றார். அப்போதுதான் ஞாபகம் வந்தது. காலையில் வயலுக்குத் தண்ணீர் வைத்தார். கொட்டகையிலேயே கடைசியாக ஒருமுறை பாடிப் பார்த்தார். பாடிக்கொண்டே வந்து காரில் ஏறிவிட்டார்.

"அய்யய்யோ! நிறுத்தலியே!" என்று மைக்கில் அலறினார். வரப்பு உடைவதும் மோட்டார் கருகுவதும் கண்ணுக்குள் ஓடின.

கமலவல்லி மாலையைச் சரிசெய்துகொண்டாள்.

"கார்ல ஏறுறதுக்கு முன்னாடியே நான் நிறுத்திட்டேன். நீங்க பாடுங்க."

தாளம் மறுபடி தொடங்கியது. அடுத்து அவர் பாட வேண்டியது அந்த 'நானில்லாட்டி' பல்லவி.