அசனத்தில் வந்த நீலப் புகை

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். என் கணிப்பு சரி. அன்றும் சரி, இன்றும் சரி. அசன விருந்துக்கு வந்திருந்த சனம் மொத்தமும் இருமிக்கொண்டே ஓடியது வேறு விஷயம்.

என்னிடம் ஒரு பழைய டர்போ டீசல் கார் இருக்கிறது. தூத்துக்குடி துறைமுகத்தில் சரக்கு ஏற்றி அனுப்பும் கம்பெனி ஒன்றில் எனக்கு வேலை. கப்பல் எந்நேரம் வந்தாலும் நான் போயாக வேண்டும். கல்யாணமானதிலிருந்து யாருடைய பைக்கின் பின்னாலாவது தொற்றிக்கொண்டு போனவள், என் சம்பளத்தில் என் பெயரில் வாங்கிய முதல் பொருள் அந்தக் கார். அதை விற்கச் சொன்னால் எனக்குக் கோபம் வரும். சொன்னார்கள், வந்தது.

காரணம் புகை. ஒருநாள் திடீரென்று பின்னால் நீலமாகப் புகைய ஆரம்பித்தது. புகையைக் கண்டால் நம் ஊரில் ஆளாளுக்கு வைத்தியர். டீசலில் கலப்படம் என்றார் பக்கத்து வீட்டுக்காரர். உப்புக்காற்று என்றார் எதிர்வீட்டுக்காரர் (எங்கள் ஊரில் தலைமுடி கொட்டினாலும் உப்புக்காற்றுதான்). என் கணவரின் அண்ணன், நான் பெரியத்தான் என்று கூப்பிடுபவர், ஒரேயடியாக முடித்துவிட்டார்.

“இஞ்சின் போச்சும்மா. ரிங்கு தேஞ்சிட்டு. கெடச்ச வெலைக்குத் தள்ளிரு.”

நான் தள்ளவில்லை. வீடியோ வீடியோவாகப் பார்த்தேன். கறுப்புப் புகை என்றால் பெரும்பாலும் டீசல் அதிகம். நீலம் என்றால் ஆயில் எரிகிறது. அந்த ஆயில் எந்த வழியாக உள்ளே போகிறது என்பதுதான் கேள்வி. பிஸ்டனைச் சுற்றியிருக்கும் ரிங் தேய்ந்திருந்தால், ஓடும் இஞ்சினின் ஆயில் மூடியைத் திறந்ததும் குபுகுபுவென்று மூச்சு விடுமாம். திறந்து பார்த்தேன், சமர்த்தாக இருந்தது. வண்டியை அணைத்துவிட்டு இஞ்சினுக்குள் காற்றைத் தள்ளும் டர்போவிலிருந்து வரும் குழாய்க்குள் விரலை விட்டேன். விரல் முழுக்க ஆயில். ஆக, போனது டர்போவில் ஆயில் கசியாமல் தடுக்கும் சீல். இஞ்சின் நல்ல இஞ்சின்.

“ஏளா, நீ எப்ப மெக்கானிக் ஆன?” என்றார் கணவர். அவர் எப்போதும் அண்ணன் கட்சி.

அதற்குள் பெரியத்தான் ஏரலிலிருந்து பழைய கார் வாங்கும் அண்ணாச்சி ஒருவரை அசனத்தன்று வண்டியைப் பார்க்க வரச் சொல்லிவிட்டார். என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. அசனம் என்பது ஸ்தோத்திரப் பண்டிகையின்போது, நாசரேத்துப் பக்கம் இருக்கும் என் கணவரின் ஊர்க் கோயிலில், அதாவது சர்ச்சில், ஊருக்கே போடும் சோறும் ஆட்டுக்கறிக் குழம்பும். அதற்குக் கமிட்டித் தலைவரும் பெரியத்தான்தான்.

எனக்கு ஒரே ஒரு சோதனை மிச்சமிருந்தது. வண்டியை நெடுநேரம் சும்மா ஓடவிட்டு, பிறகு ஆக்சிலேட்டரை மிதிக்க வேண்டும். அதுவரை அடக்கமாக இருந்துவிட்டு, மிதித்ததும் மொத்தமாகப் புகை வந்தால் டர்போ. அண்ணாச்சி வாயாலேயே இஞ்சின் நல்லது என்று சொல்ல வைத்துவிட்டால் பெரியத்தான் வாயை மூடுவார். ஆனால் சுற்றி நின்று வைத்தியம் சொல்ல ஆள் இருக்கக்கூடாது. ஊரே கண்ணை மூடியிருக்கும் நேரம் ஒன்று உண்டு. சாப்பாட்டுக்கு முன்னால் எங்கள் ஐயர் (பாஸ்டரை நாங்கள் அப்படித்தான் சொல்வோம்) செய்யும் ஜெபம். மழையில் ஆரம்பித்து, துபாயில் இருப்பவர்கள், பரீட்சை எழுதுகிறவர்கள் என்று ஒருவரையும் விடமாட்டார். அண்ணாச்சி நம் சபைக்காரர் இல்லை, அதனால் கண்ணைத் திறந்து வைத்திருப்பார். திட்டத்தில் ஓட்டையே இல்லை (இப்போதும் எனக்கு அப்படித்தான் தோன்றுகிறது).

வண்டியின் பின்புறம் பந்தலைப் பார்த்து நின்றது. நிழல் அங்கேதான் இருந்தது, நான் என்ன செய்ய?

அண்ணாச்சியைப் பக்கத்தில் நிறுத்திக்கொண்டு, ஜெபம் தொடங்கும் முன்பே வண்டியைச் சும்மா ஓடவிட்டிருந்தேன். ஐயர் துபாயைத் தாண்டியதும் மிதித்தேன். புகை வந்தது. நான் சொன்ன மாதிரியே, நான் சொன்ன நிறத்திலேயே. “பாத்தீங்களா அண்ணாச்சி!” என்று காலை எடுத்தேன். இஞ்சின் சத்தம் குறையவில்லை. கூடியது. சீல் மொத்தமாக விட்டுப்போய், இஞ்சின் டீசலை மறந்து தன் ஆயிலையே குடித்து ஓட ஆரம்பித்துவிட்டது.

“தங்கச்சி, ஆஃப் பண்ணு!” என்று அண்ணாச்சி அலறினார்.

“பண்ணிட்டேன் அண்ணாச்சி! சாவி கையில இருக்கு!”

அவர் என் கையிலிருந்த சாவியைப் பார்த்தார், கத்துகிற வண்டியைப் பார்த்தார், வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஏரல் இருக்கும் திசையில் ஓடினார்.

மைக்கில் ஐயர் இரண்டு முறை இருமி, ஆமென் சொல்லாமலே ஜெபத்தை நிறுத்தினார். சனம் கண்ணைத் திறந்தால் சுற்றிலும் புகைமேகம், நடுவில் ஒரு பேரிரைச்சல். ஆண்டவர் மேகங்களோடு திரும்பி வரும் நாளை எங்கள் சனம் ‘வருகை’ என்று சொல்லும்.

“ஏளா, வருகை வந்துட்டு!” என்று ஒரு குரல் கேட்டதுதான் தாமதம், பந்தல் காலி. வருகைக்குப் போகும்போதும் குழம்பு வாங்கக் கொண்டுவந்த தூக்குவாளியை விடாதவர்களை என் கண்ணாலேயே பார்த்தேன்.

எனக்குப் பயமாகத்தான் இருந்தது. ஆனால் இப்படி ஓடும் இஞ்சினைத் திணறடித்து நிறுத்தும் வழியை வீடியோவில் பார்த்தது ஞாபகம் வந்தது. ஐந்தாவது கியரைப் போட்டு, பிரேக்கை அழுத்தி மிதித்து, கிளட்சை விட்டேன். வண்டி ஒரு துள்ளுத் துள்ளி, முன்னால் நின்ற பெரியத்தானின் ஸ்கூட்டரைச் சாய்த்துவிட்டு அடங்கியது.

மெக்கானிக் பிரித்துப் பார்த்தார். டர்போ சீல். இஞ்சின் நல்ல இஞ்சின். நான் சந்தோஷத்தில் அங்கேயே பெரியத்தானுக்குப் போன் போட்டேன்.

“அது சரிம்மா. என் ஸ்கூட்டரு?” என்றார்.

அந்தக் காரை விற்கும் பேச்சை அதன்பிறகு யாரும் எடுக்கவில்லை. யார் வாங்குவார்கள்? அதில்தான் இன்றும் துறைமுகத்துக்குப் போகிறேன், அதில்தான் ஒவ்வொரு வருஷமும் அசனத்துக்கும் போகிறேன். “சின்னவ வந்துட்டா, இனி கண்ணத் தொறந்துக்கிட்டே ஜெபம் பண்ணுங்க” என்று வீட்டில் ஆரம்பித்துவிடுவார்கள். ஜெபத்துக்கு முன்னால் பெரியத்தான் மைக்கைப் பிடிப்பார்.

“வெளிய வண்டி வச்சிருக்கவங்க ஆஃப் பண்ணி சாவிய இங்கன கொண்டாந்து வச்சிருங்க.”

பந்தலே என்னைத் திரும்பிப் பார்க்கும். நான் தலை நிமிர்ந்து நடந்துபோய், சாவியை அவர் முன்னால் வைத்துவிட்டு வருகிறேன். சாவியைப் பிடுங்கினால் மட்டும் அது நின்றுவிடாது என்பதைத்தானே அன்றைக்கு ஊருக்கே காட்டினேன்!