வீடு திரும்பும் புழுக்கள்

கடிகாரம் பழுதுபார்ப்பவர் கறாராகச் சொல்லிவிட்டார். மொட்டை மாடியில் இனி தன் சாய்வு நாற்காலி இருக்க வேண்டும். இல்லையென்றால் இந்த வீட்டில் தான் இருக்கப்போவதில்லை. இரண்டாவது ஏற்பாட்டில் தனக்கு ஆட்சேபம் இல்லை என்றாள் மனைவி. மாடி நிறைய அவளுடைய தக்காளித் தொட்டிகள். நாற்காலி என்ன, நிம்மதியாக ஒரு கொட்டாவி விடக்கூட அங்கே இடம் கிடையாது.

வாய்ச்சண்டை பந்தயத்தில் முடிந்தது. ஆளுக்கு நான்கு செடி. பச்சைத் தொட்டி அவருக்கு, இடப்பக்கம். சிவப்புத் தொட்டி அவளுக்கு, வலப்பக்கம். யார் செடியில் காய் அதிகமோ அவர் வைத்ததுதான் மாடியில் சட்டம். நடுவர், கீழ் வீட்டுப் பல் டாக்டர்.

செடி தழைத்ததும் புழு வந்தது. மனைவி சோப்புத் தண்ணீர் கரைத்துத் தெளித்தாள். அவருக்கோ அதைவிட நல்ல யோசனை இருந்தது. விடிவதற்கு முன்பே மாடியேறி, சின்ன டார்ச்சைப் பல்லில் கடித்து, லென்ஸைக் கண்ணில் மாட்டிக்கொண்டு, கடிகாரச் சக்கரம் எடுக்கும் இடுக்கியால் இடப்பக்கப் புழுக்களைப் பொறுக்குவார். கொல்ல மாட்டார். இளகிய மனசு. அத்தனையையும் வலப்பக்கம் குடியேற்றிவிடுவார்.

ஆனால் பகலில் பார்த்தால் அவர் செடிதான் இளைத்துக்கொண்டே போனது. அவள் செடி கொழுத்தது. அவருக்குத் தலை சுற்றியது. யோசித்து யோசித்து, புழுக்கள் வழி கண்டுபிடித்துத் திரும்பி வந்துவிடுகின்றன என்ற முடிவுக்கு வந்தார். சாப்பிடும்போது மெல்லப் பேச்சுக் கொடுத்தார்.

"புழுவுக்கு வழி ஞாபகம் இருக்குமா?"

"எதுக்குக் கேக்கறீங்க?"

"சும்மா, பொது அறிவுதான்."

"ஏன் இருக்காது? கடையை மூடினா நீங்க நேரா வீட்டுக்கு வரலியா?"

மறுநாளிலிருந்து இன்னும் சீக்கிரம் எழுந்து, இன்னும் மும்முரமாகப் பொறுக்கினார்.

காய் எண்ணும் நாள் வந்தது. பச்சைத் தொட்டிகளில் குச்சிதான் நின்றது. சிவப்புத் தொட்டிகளில் கொத்துக் கொத்தாகத் தக்காளி. ஓர் இலையில்கூட ஓட்டை இல்லை என்று வியந்தபடி டாக்டர் படியிறங்கினார்.

"தினமும் என் கையால பொறுக்கினேனே," என்று உளறிவிட்டார் கணவர்.

"தெரியும்," என்றாள் மனைவி. "முதல் நாளே லென்ஸோட மாடியேறினீங்க. மேல என்ன, கடிகாரமா ஓடுது? அன்னிலேருந்து நீங்க தூங்கினதும் ரெண்டு வரிசையையும் இடம் மாத்தி வெச்சேன். காலைல நீங்க குளிக்கப் போனதும் பழையபடி வெச்சுட்டேன்."

அந்த இருட்டில் பச்சை ஏது, சிவப்பு ஏது? லென்ஸுக்குள் டார்ச் பட்ட இலையைத் தவிர வேறெதுவும் தெரிந்ததில்லை. அவருக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. ஆனாலும் அந்தச் சிவந்த காய்களைப் பார்க்கப் பார்க்கப் பெருமையாகவும் இருந்தது. காப்பாற்றியது அவர் கைதானே.

மனைவி இரண்டு தொட்டிகளை நகர்த்தி நடுவில் இடம் பண்ணினாள். நாற்காலியை எடுத்துவரச் சொன்னாள். அவரால் நம்பவே முடியவில்லை. இரண்டிரண்டு படியாக இறங்கிப்போய், மூச்சு வாங்கத் தூக்கி வந்து போட்டார்.

"நிஜமாவே இது இங்கேயே இருக்கலாமா?"

"இருக்கட்டுங்க. தினமும் குனிஞ்சு பொறுக்கினா உங்க இடுப்பு என்னத்துக்கு ஆகும்?"