மஞ்சள் நட்சத்திரம், நீல நட்சத்திரம்

"என்னங்க, அந்தப் பக்கத்தை இன்னும் புரட்டலயே."

லிஃப்ட்காரர் திடுக்கிட்டு விழித்தார். மடியில் புத்தகம் முப்பத்தேழாம் பக்கத்தில் திறந்து கிடந்தது. எதிர் நாற்காலியில் மனைவி, மூக்கு நுனியில் கண்ணாடியோடு, தன் புத்தகத்துக்கு மேலாக அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நல்ல இடம். ரெண்டு தடவை படிக்கலாம்போல இருக்கு."

"இருபது நிமிஷமாவா?"

"ஆழமான இடம்."

"ஓ," என்று அவள் தன் பக்கத்தைப் புரட்டினாள்.

லிஃப்ட் பழுதுபார்க்கும் வேலையிலிருந்து அவர் ஓய்வு பெற்று மூன்று வருஷமாகிவிட்டது. இருந்தாலும் குடியிருப்பில் எல்லாருக்கும் இன்னும் லிஃப்ட்காரர்தான். எந்தக் கட்டடத்து லிஃப்டில் எந்தச் சக்கரம் முனகுகிறது என்று வாசலில் நின்றே சொல்லிவிடுவார். ஆனால் ஒரு புத்தகத்தைக்கூட அவர் முதலிலிருந்து கடைசி வரை படித்ததில்லை. இது உலகத்தில் யாருக்கும் தெரியாது. எதிர் நாற்காலிக்குத் தெரியவே கூடாது. ஏனென்றால் அவர்களுடைய கல்யாணமே புத்தகத்தில்தான் ஆரம்பித்தது.

அப்போது நூலகத்தில், கீழ்த்தளத்திலிருந்து மாடிக்குப் புத்தகங்களை ஏற்ற ஒரு சின்ன லிஃப்ட் இருந்தது. அது நின்றுபோனதால் இவரை அனுப்பினார்கள். ஒரு சனிக்கிழமை பிற்பகல். கையெல்லாம் கிரீஸோடு நிமிர்ந்தபோது, தலையணை கனத்தில் ஒரு நாவலைத் திருப்பிக் கொடுத்துக்கொண்டு அவள் நின்றிருந்தாள். நூலகச் சீட்டில் அவள் உறுப்பினர் எண் இருநூற்றுப் பதினொன்று.

அந்த லிஃப்ட் அதற்குப் பிறகு எட்டு மாதம் சரியாகவே ஆகவில்லை. சனிக்கிழமைதோறும் போய் ஏதாவது ஒரு திருகைக் கழற்றி மாட்டுவார். அவரும் உறுப்பினரானார், எண் முந்நூற்று நாற்பது. அவள் திருப்பிக் கொடுத்த புத்தகம் எதுவோ அதையே எடுத்துக்கொள்வார். கடைசிப் பக்கத்தில் ஒட்டிய சீட்டில் அவள் எண்ணுக்கு நேர் கீழே தன் எண் விழுவதைப் பார்த்துக்கொண்டே வீட்டுக்கு நடப்பார். மழை நாளில் சட்டைக்குள் வைத்து நடப்பார். அதற்குமேல் அந்தப் புத்தகத்தோடு அவருக்கு ஒரு வேலையும் இல்லை.

ஒருநாள் அவளே திரும்பிக் கேட்டாள்.

"நான் குடுக்கிறதையே எடுக்கிறீங்களே. உங்களுக்கும் படிக்கிறதுன்னா உயிரா?"

"உயிர்," என்றார்.

அந்த ஒரு வார்த்தையின்மேல் கட்டிய குடும்பம். கல்யாணத்தில் ஆளாளுக்கு, "புத்தகம் சேர்த்து வெச்ச ஜோடி," என்று வாழ்த்தினார்கள். அவளுடைய அக்கா மட்டும் அதைக் கேட்டுக் கண்ணில் நீர் வரச் சிரித்தாள். தங்கைக்குக் கல்யாணமாகிற சந்தோஷம் என்று இவர் நினைத்துக்கொண்டார்.

பிறகு வேலை, குழந்தை, வாடகை வீடுகள். அவளுக்கோ தொலைபேசி நிலையத்தில் ஆபரேட்டர் வேலை. யார் எதைச் சொன்னாலும், "அப்படியா, சொல்லுங்க," என்று அலுக்காமல் கேட்கிற குரல் அங்கே பழகியது. இருவரும் அவ்வப்போது, "படிக்க எங்க நேரம் இருக்கு," என்று பெருமூச்சு விட்டுக்கொள்வார்கள். பொய் நிம்மதியாகத் தூங்கியது.

இந்த வருஷம் முதல் தேதியன்று மகள் ஒரு பெரிய அட்டையோடு வந்து அதை எழுப்பிவிட்டாள்.

"அம்மாவும் ரிட்டயர் ஆயாச்சு. இனிமே என்ன சாக்கு? வாரத்துக்கு ஒண்ணு, வருஷத்துக்கு ஐம்பத்திரண்டு. முடிச்சதும் கட்டத்துல நட்சத்திரம் ஒட்டணும். அம்மாவுக்கு மஞ்சள், அப்பாவுக்கு நீலம். பழைய காலம் மாதிரியே அம்மா முடிச்சதும் அதே புத்தகம் அப்பாவுக்கு."

லிஃப்ட்காரர் மனைவியைப் பார்த்தார். "அவளுக்கு இஷ்டம்னா எனக்கும் இஷ்டம்."

மனைவி அவரைப் பார்த்தாள். "அவர் ஆசைப்பட்டா நான் வேணாம்னா சொல்லப்போறேன்?"

அட்டை ஃபிரிட்ஜ் கதவில் ஏறியது.

முப்பத்தேழாம் பக்கத்துச் சம்பவத்துக்குப் பிறகு லிஃப்ட்காரர் சுவர்க்கடிகாரத்தைத் துணைக்கு வைத்துக்கொண்டார். ரெண்டு நிமிஷத்துக்கு ஒரு பக்கம். லிஃப்ட் தளத்துக்குத் தளம் நிற்பதுபோல ஒழுங்காகப் புரட்டினார். ஆச்சரியம், அவளும் சரியாக அதே நேரத்தில் புரட்டினாள். இத்தனை வருஷம் சேர்ந்து வாழ்ந்தால் படிக்கிற வேகம்கூட ஒன்றாகிவிடும்போல என்று அவருக்கு நெஞ்சு நிறைந்தது.

"எப்படி இருந்தது?" என்று கேட்பாள்.

"நல்லாத்தான் இருந்தது. முடிவுதான் கொஞ்சம் அவசரம்."

"எனக்கும் அப்படியேதான் தோணிச்சு."

எல்லாப் புத்தகத்துக்கும் முடிவு அவசரமாகவே இருந்தது. ஆனால் ரெண்டு நிமிஷக் கணக்கில் தூக்கம் சேர்ந்ததால், நான்காம் மாதத்தில் ஆறு கட்டம் பின்தங்கினார். ஒரு செவ்வாய்க்கிழமை நூலகத்தில் குழந்தைகள் பகுதிக்குப் போய், பக்கத்துக்கு ஒரு யானை வரைந்த ஆறு புத்தகங்களை எடுத்துவந்து, ஆறு நீல நட்சத்திரங்களை ஒரே மூச்சில் ஒட்டினார்.

மறுநாள் காலை பார்த்தால் மஞ்சளிலும் ஆறு கூடியிருந்தது.

"நீ எப்ப படிச்சே?"

"முன்னாடியே படிச்சதுங்க. ஒட்ட மறந்துட்டேன்."

மகள் வந்து பார்த்துப் பூரித்துப்போய், படமெடுத்துச் சொந்தக்காரர்களுக்கெல்லாம் அனுப்பினாள். "ஒரே வாரத்துல ஆளுக்கு ஆறா! இந்த வேகத்துல போனா ஐம்பத்திரண்டு பத்தாதுப்பா," என்று இன்னொரு அட்டையை வெட்டிப் பக்கத்தில் ஒட்டினாள். மொத்தம் நூறு கட்டம்.

லிஃப்ட்காரருக்கு வாய் உலர்ந்தது. மனைவியும் ஒரு சொம்புத் தண்ணீரை நின்றபடியே குடித்தாள்.

அடுத்து அவர் சரணடைந்தது முடிதிருத்துபவரிடம். அந்த மனிதர் வாடிக்கையாளர் இல்லாத நேரமெல்லாம் நாவல் படிப்பவர்.

"அண்ணே, கதைதானே? வாரம் ஒரு தடவை வந்து உக்காருங்க. வெட்டிக்கிட்டே சொல்லிடறேன்."

அப்படியே நடந்தது. ஆறு வாரத்தில் ஆறு கதை. தலையில்தான் வெட்ட ஒன்றும் மிச்சமில்லை.

"ஏங்க, இப்படி வழிச்சு விட்டிருக்காரு?" என்றாள் மனைவி.

"வெயிலுக்கு நல்லது."

"மழை பெய்யுதே."

பேச்சை மாற்ற, அன்றைய கதையை எடுத்துவிட்டார். ஒரு கப்பல் தலைவன் புயலில் மூழ்கிப்போகிறான். டாக்டரம்மா ஒருத்தி ஊரை எதிர்த்துக்கொண்டு நிற்கிறாள். கடைசியில் இரண்டு பேருக்கும் கல்யாணம். மூழ்கியவன் எப்படி மாலை மாற்றினான் என்று அவருக்கே சந்தேகம்தான். ஆனால் அவள் கையிலிருந்த வெண்டைக்காயை வைத்துவிட்டு, "அந்தக் கல்யாண இடத்துல எனக்குக் கண்ணே கலங்கிடுச்சுங்க," என்றாள்.

அடுத்த வாரம் முடிதிருத்துபவர் துண்டைப் போர்த்தும்போதே காதைச் சொறிந்தார்.

"அண்ணே, ஒரு தப்பு நடந்துபோச்சு. ரெண்டு புத்தகத்தைக் கலந்து சொல்லிட்டேன். கப்பல்காரன் வேற கதை. உங்க புத்தகத்துல கப்பலே கிடையாது. கல்யாணமும் கிடையாது. டாக்டரம்மா தனியாத்தான் இருக்கு."

லிஃப்ட்காரர் கண்ணாடியில் தன் மொட்டைத் தலையைப் பார்த்தபடி அசையாமல் உட்கார்ந்திருந்தார். இல்லாத கல்யாணத்துக்கு அவள் ஏன் கண் கலங்கினாள்?

ஒரே காரணம்தான் இருக்க முடியும். அவளுக்குத் தெரிந்துவிட்டது. புருஷன் முகம் வாடக்கூடாது என்று மூடி மறைக்கிறாள். முடிவு அவசரம் என்று அவர் அளந்தபோதெல்லாம், எனக்கும்தான், எனக்கும்தான் என்று முட்டுக்கொடுத்தவள். அன்று சாயங்காலம் அவள் நீட்டிய தேநீரை அவர் ஒரு வாயோடு வைத்துவிட்டார்.

"சர்க்கரை போதலையா?"

"போதும். எல்லாமே எனக்கு அதிகம்தான்."

"என்ன பேச்சு இது," என்று அவள் நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள்.

வருஷக் கடைசியில் நூறும் நிரம்பியது. மகள் தொலைபேசியில் குதித்தாள். "அப்பா, நூலகத்துல உங்க ரெண்டு பேரையும் கௌரவிக்கப் போறாங்க. ஞாயித்துக்கிழமை மேடையில ஏறி, பிடிச்ச புத்தகத்தைப் பத்தி ஆளுக்குப் பத்து நிமிஷம் பேசணும்."

"பேசணுமா?" என்று இரண்டு பேரும் ஒரே குரலில் கேட்டார்கள்.

சனிக்கிழமை பிற்பகல், காட்சிக்கு வைக்கப் பழைய புத்தகம் ஒன்றைத் தேடித் தருவதற்காக அவர்களை நூலகத்துக்கு அழைத்திருந்தார்கள். அதே மேசை. அதே பழைய முத்திரைக்காரர். அந்தக் காலத்தில் தேதி முத்திரை குத்திக்கொண்டிருந்தவர். ஓய்வு பெற்ற பிறகும் தினமும் வந்து பேப்பர் படிப்பார், பழக்கதோஷத்தில் நாலு முத்திரையும் குத்திவிட்டுப் போவார். அவரே உள்ளே போய், தூசி தட்டி, தலையணை கனத்தில் ஒரு நாவலை எடுத்துவந்து கடைசிப் பக்கத்தைத் திறந்து வைத்தார்.

இருநூற்றுப் பதினொன்று. அதற்கு நேர் கீழே முந்நூற்று நாற்பது. மை மங்கிப்போயிருந்தது.

லிஃப்ட்காரர் அந்த இரண்டு எண்களின்மேல் விரலை வைத்தார். எடுக்க மனம் வரவில்லை. இதே சீட்டைச் சட்டைக்குள் வைத்து நனையாமல் நடந்த மழை நினைவுக்கு வந்தது. இதை வைத்துக்கொண்டு நாளைக்கு மேடையில் இன்னொரு பொய் சொல்ல அவரால் ஆகாது.

"உன்கிட்ட ஒண்ணு சொல்லணும்," என்றார்.

"சொல்லுங்க."

"இந்தப் புத்தகத்துல நான் ஒரு பக்கம்கூடப் படிச்சதில்ல. அன்னைக்கும் சரி, இந்த வருஷத்து நூறும் சரி. உன் நம்பருக்குக் கீழ என் நம்பர் இருக்கணும், அவ்வளவுதான். அப்ப உயிர்னு சொன்னது புத்தகத்தை இல்ல."

அவள் கைப்பையின் வாரைத் திருகிக்கொண்டு நின்றாள்.

"உனக்கு எப்பவோ தெரிஞ்சுபோச்சுன்னு எனக்குத் தெரியும். அந்தக் கப்பல் கதையிலேயே காட்டிக்குடுக்காம காப்பாத்தினியே."

"கப்பல்ல என்னங்க தப்பு?"

"இன்னும் எதுக்கு எனக்காக நடிக்கிறே? போதும். இத்தனை வருஷம் படிப்பாளி பொண்டாட்டிய ஏமாத்தினவன் நான். நாளைக்கு மேடையில நீ மட்டும் பேசு. நெஜமாப் படிச்சவ நீதானே."

"நானா?" என்றாள். மூன்றாவது தடவையாகக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தாள்.

முத்திரைக்காரர் ஒரு புத்தகத்தில் டப்பென்று தேதியைக் குத்திவிட்டு நிமிர்ந்தார்.

"அந்த இருநூத்துப் பதினொண்ணு இவங்க அக்காவோட கார்டு சார், அக்கா கல்யாணமாகிப் போனப்புறமும் இவங்க சனிக்கிழமை தவறாம வந்து, கைக்கு அகப்பட்ட புத்தகத்தை எடுத்துக்கிட்டு, அதைப் பிரிக்காமலே அடுத்த வாரம் திருப்பிக் குடுத்துட்டு, 'லிஃப்ட்காரர் வந்தாச்சா'ன்னு மட்டும்தான் என்கிட்ட கேப்பாங்க."