லூனாஸ் நாக்கும் நடு அடுக்கும்

எதையும் ஒளிக்கக் கூடாது, எல்லாம் ஊருக்குத் தெரிய வேண்டும் என்று மேடையில் முழங்குகிற மனிதரின் கைப்பேசியை ஒருமுறை வாங்கிப் பாருங்கள். அனுபவத்தில் சொல்கிறேன். அப்படி முழங்கியவன் நான்தான்.

லூனாஸ் என்கிற எங்கள் ஊரில், குடியிருப்பை ஒட்டிய மாரியம்மன் கோயிலுக்கு நான் செயலாளர். வேலை, கூலிம் ஹைடெக் பூங்காவில் ஒரு தொழிற்சாலையின் தரக் கட்டுப்பாட்டுப் பிரிவில். அதாவது, குறை கண்டுபிடிப்பதற்குச் சம்பளம். ஒரு மின்னணுச் சில்லில் கீறல் விழுந்திருந்தால் படம் எடுக்க வேண்டும், எந்தப் பக்கம், எவ்வளவு ஆழம் என்று விவரம் எழுத வேண்டும், கீழே கையெழுத்துப் போட வேண்டும். இந்தப் பழக்கம் சீருடையோடு கழன்று வருவதில்லை. வீட்டில் தோசையைக்கூட வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்துவிட்டுத்தான் பிய்ப்பேன். (என் மனைவி வசந்தி இதற்கு ஒரு பெயர் வைத்திருக்கிறாள். அச்சில் போட முடியாது.)

செயலாளரானதும் கோயிலுக்கு வெளிப்படைத்தன்மை கொண்டுவருவது என்று கிளம்பினேன். கூட்டங்கள் எல்லாம் முகநூலில் நேரலை. கூட்டக் குறிப்பு அன்றைக்கே வாட்சாப் குழுவில். சமையற்கட்டில் கேமரா, உறுப்பினர் எவரும் வீட்டிலிருந்தே பார்க்கலாம்.

அதற்கான கூட்டத்தில் சரோஜா அக்கா எழுந்தார். கோயிலில் கோலம் போடுவதிலிருந்து வெங்காயம் உரிப்பதுவரை அவர் கைதான்.

"ஏன் தம்பி, நான் சேலையத் தூக்கிச் சொருகிக்கிட்டு வெங்காயம் உரிக்கிறத ஊரே பாக்கணுமா?"

"மறைக்க ஒண்ணும் இல்லாதவங்க எதுக்குக்கா பயப்படணும்?"

"பயம் இல்ல லா. கண்ணுல தண்ணியா கொட்டும். பாக்கிறவன், ஐயோ பாவம், சரோஜாவுக்கு வீட்ல என்ன பிரச்சினையோன்னு நெனைப்பான்."

எல்லோரும் சிரித்தார்கள். தீர்மானமும் நிறைவேறியது. நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன்.

இங்கே இன்னொரு தகவலைச் சேர்க்க வேண்டும். அப்போது முகநூலில் 'லூனாஸ் நாக்கு' என்று ஒரு பக்கம் இருந்தது. நடத்துபவர் யாரென்று ஒருவருக்கும் தெரியாது. வட்டாரக் கடைகளில் சாப்பிட்டுவிட்டு, படத்தோடு, உள்ளதை உள்ளபடி எழுதும். ஒரு கடையின் ரொட்டி சானாயைப் பற்றி, 'மழைக்காலத்தில் கூரை ஒழுகினால் பயன்படும்' என்று எழுதியது. கோப்பிக் கடையில் ஆண்கள் அதை உரக்கப் படித்துத் தொடையில் தட்டிச் சிரிப்பார்கள். "யாரு லா இவன்? செம வாயி!" என்பார்கள். பக்கத்து மேசையில் நான் கோப்பியை உறிஞ்சியபடி, "யாரோ நல்லாப் படிச்சவர் போல," என்பேன்.

அந்த நன்றாகப் படித்தவரும் நான்தான். தொழிற்சாலை அறிக்கையில் போட வேண்டிய கையெழுத்து இங்கே வேண்டியதில்லை. அந்தச் சுகத்தை எப்படிச் சொல்வது? நாள் முழுக்க இறுக்கிய பெல்ட்டை வீட்டுக்கு வந்து அவிழ்த்த மாதிரி.

ஒரு வெள்ளிக்கிழமை கோயிலில் அன்னதானம். சமையல், பெருமாள் மச்சான். வசந்திக்கு ஒரே அண்ணன். லாரி ஓட்டுபவர், கோயிலுக்குச் சமைப்பதைத் தனக்குக் கிடைத்த வரமாக நினைப்பவர். அன்றைக்கு என்னவோ, சாம்பாரில் உப்பு கை மீறிவிட்டது. கரண்டியோடு என் இலை அருகில் வந்து நின்றார்.

"எப்படி இருக்கு, மாப்ள?"

"பிரமாதம் மச்சான்!" என்றேன். சொன்னதை நிரூபிக்க இன்னொரு முறை ஊற்றச் சொன்னேன். போதாதென்று வீட்டுக்கும் கேரியரில் வாங்கிக்கொண்டேன். (தொண்டை அப்போதே தண்ணீர் தண்ணீர் என்று கதறிக்கொண்டிருந்தது.)

வீட்டுக்கு வந்ததும் நாக்கு வேலையில் இறங்கியது. அநாமதேயமாக எழுதுவதற்கும் ஓர் ஒழுங்கு வேண்டும். சுவரில் இருந்த நாள்காட்டியைக் கழற்றினேன். மேசை விரிப்பை எடுத்தேன், விருந்தாளிகளுக்கு அது தெரியும். ஜன்னலைச் சாத்தினேன். என் நிழல் விழாத கோணத்தில் நின்று கேரியரின் சாம்பார் அடுக்கைப் படம் எடுத்தேன். கீழே எழுதினேன்: 'லூனாஸில் ஒரு கோயில். உப்புக்குள் கொஞ்சம் சாம்பார் தவறி விழுந்திருந்தது.'

கோயில் பெயரைப் போடவில்லை. அன்றைக்கு அன்னதானம் போட்ட கோயில் லூனாஸில் எங்களுடையது மட்டும்தான் என்பது எனக்குத் தோன்றவில்லை.

மறுநாள் காலை, தொலைவில் இருக்கும் ஜித்ராவிலிருந்து வசந்தியின் சித்தி அழைத்தார். "என்னா வசந்தி, நம்ம பெருமாளு உப்பு மூட்டையக் கவுத்துட்டானாமே?" மதியத்துக்குள் குழுவில் மச்சானின் குரல் பதிவு வந்தது. கத்துவார் என்று எதிர்பார்த்தேன். மெதுவாகப் பேசினார்.

"எழுதினவன் யாருன்னு தெரியிற வரைக்கும் நான் கரண்டியத் தொட மாட்டேன். திருவிழாவுக்கு வேற ஆளு பாத்துக்குங்க. ஊருல தலை காட்ட மாலு லா இருக்கு."

உண்மையிலேயே வெட்கப்பட்டுப்போனார். எங்கள் வீட்டுக்கு வருவதையும் நிறுத்திவிட்டார். ஞாயிற்றுக்கிழமை மதியச் சாப்பாடு அவருக்கு எங்கள் வீட்டில்தான். அந்த ஞாயிறு வசந்தி அவருக்கும் தட்டு எடுத்து வைத்தாள். கொஞ்ச நேரம் வாசலைப் பார்த்தாள். பிறகு எடுத்து அடுக்கிவிட்டாள். அப்புறம் சொன்னாள், "எழுதினவன் கை வெளங்காமப் போகட்டும்."

நான் அந்தக் கையால்தான் சோறு பிசைந்துகொண்டிருந்தேன்.

சொல்லியிருக்கலாம். வாயைத் திறந்தேன், ஒரு கவளத்தைப் போட்டு மூடிக்கொண்டேன். அதற்குள் தலைவர் ஆறுமுகம் அண்ணன் அழைத்துவிட்டார். "வெளிப்படைன்னா நம்ம செயலாளர்தான்யா. விசாரணைய நீங்களே நடத்துங்க. அவனப் புடிச்சாத்தான் பெருமாளு வருவான், இல்லன்னா திருவிழாவுக்குச் சோறு இல்ல." இப்படியாக, என்னைக் கண்டுபிடிக்கும் பொறுப்பு என்னிடமே வந்தது.

விசாரணைக் கூட்டத்துக்கு மண்டபம் நிறைந்துவிட்டது. பெருமாள் மச்சான் கடைசி வரிசையில் கைகளைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். முன்னால் வசந்தி. ஓர் ஓரத்தில், என் தீர்மானத்தின்படி, நேரலை ஓடிக்கொண்டிருந்தது. நான் கணினியைப் புரொஜெக்டரோடு இணைத்து, அந்தப் படத்தைச் சுவர் முழுக்கப் போட்டேன். நல்ல விசாரணைக்குச் சான்று பெரிதாகத் தெரிய வேண்டும் என்பது தொழிற்சாலைப் பாடம்.

"இது நம்ம ஆளுங்க எடுத்த படம் இல்ல," என்று தொடங்கினேன். "வெளிச்சத்தப் பாருங்க, கோணத்தப் பாருங்க. வெளியூர்க்காரன் ஒருத்தன் வந்து, சாப்பிட்டு, வீட்டுக்கும் வாங்கி புங்குஸ் கட்டிக்கிட்டுப் போய் எழுதியிருக்கான்."

மண்டபம் தலையாட்டியது. எனக்கே நம்பிக்கை வந்துவிட்டது. அந்த வெளியூர்க்காரன்மீது கோபம்கூட வந்தது.

"தம்பி," என்றார் சரோஜா அக்கா, "அந்தக் கேரியரு ஓரத்துல என்னமோ வெட்டியிருக்கே. கொஞ்சம் பெருசாக்குங்க."

இங்கே என் இன்னொரு குணத்தைச் சொல்லியாக வேண்டும். நம் வீடுகளில் எவர்சில்வர் பாத்திரம் வாங்கினால் பெயர் வெட்டுவோம். பலர் இரண்டு எழுத்தோடு நிறுத்திக்கொள்வார்கள். கோயிலிலும் கல்யாண வீட்டிலும் பாத்திரம் மாறிவிடக் கூடாதே என்று நான் முழுதாக வெட்டச் சொல்வேன். ஒவ்வொரு நாளும் கண்ணில் படுவதால் அந்த எழுத்து எனக்குப் பாத்திரத்தின் தோல் மாதிரி ஆகிவிட்டது. நாள்காட்டியைக் கழற்றினேன், விரிப்பை எடுத்தேன், இதை மட்டும் பார்க்கவில்லை. கைப்பேசியின் சின்னத் திரையில் பார்த்த ஊருக்கும் அது ஒரு கீறலாகத்தான் தெரிந்திருக்கிறது.

கேட்டால் செய்துவிடும் கை என்னுடையது. பெரிதாக்கினேன். சுவரின் இந்த மூலையிலிருந்து அந்த மூலைவரை எழுத்துகள் எழுந்து நின்றன:

'குணசேகரன் த/பெ நடேசன். நடு அடுக்கு.'

மண்டபமே என் பக்கம் திரும்பியது.

"இது..." என்றேன், "கேரியர் காணாமப் போய்..."

"முந்தாநேத்துதான் விளக்கி வெச்சேன்," என்றாள் வசந்தி. திரும்பி மண்டபத்துக்கே சொன்னாள்: "மூடியிலயும் இருக்கு. 'மூடி'ன்னே போட்டிருக்கும்."

முதலில் சிரித்தது ஆறுமுகம் அண்ணன். அப்புறம் யார் சிரிக்கவில்லை என்பதுதான் கேள்வி. என் சட்டைப்பையில் கைப்பேசி அதிர்ந்தது. ஜித்ரா சித்தி. நேரலையில் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார்.

சிரிக்காதவர் ஒருவர் இருந்தார். மச்சான் எழுந்து முன்னால் வந்தார். அடித்துவிடுவார் என்று நினைத்தேன். அடித்திருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

"உப்பு தூக்கல்தான், மாப்ள. நானும் வீட்டுல போயித்தான் சாப்பிட்டுப் பாத்தேன்," என்றார். "பக்கத்துல நின்னு கேட்டேன்ல? அப்பவே சொல்லியிருந்தா நாலு உருளக்கெழங்க வெட்டிப் போட்டு, தண்ணி ஊத்தி கொதிக்க விட்டிருப்பேன். பின்னாடி வந்த சனமாச்சும் நல்லா சாப்பிட்டிருக்கும். ஜித்ரா வரைக்கும் சொன்னீங்க. எனக்குத்தான் சொல்லல."

மன்னிப்புக் கேட்டேன். நேரலையில்தான், நிறுத்தும்படி கேட்கும் உரிமை எனக்கு மட்டும் கிடையாது என்று தலைவர் சொல்லிவிட்டார்.

மச்சான் சுவரைப் பார்த்தார். 'நடு அடுக்கு' என்பதில் அவர் கண் நின்றது. மீசைக்குக் கீழே உதடு துடித்தது. "ஏன்யா, மேல் அடுக்குக்கு ஒரு தனிப் பேரு, கீழ் அடுக்குக்கு ஒரு தனிப் பேரா?" என்று கேட்டு, அவரும் சிரித்துவிட்டார். திருவிழாவுக்குச் சமைக்க ஒரே ஒரு நிபந்தனை போட்டார்.

அதன்படி, திருவிழா அன்று அண்டாவின் பக்கத்தில் நான் நிறுத்தப்பட்டேன். தலைவர் ஒலிவாங்கியை நீட்டினார். மச்சான் கரண்டியை நீட்டினார். "பேரு போட்டுச் சொல்லுங்க, மாப்ள!"

"நான், குணசேகரன் த/பெ நடேசன், சொல்கிறேன்: புளி கொஞ்சம் தூக்கல்."

கூட்டம் கைதட்டியது. மச்சான் பருப்புத் தண்ணீரை ஊற்றிக் கிளறினார். அன்றைய சாம்பாருக்கு ஜித்ராவிலிருந்துகூடக் குறை வரவில்லை.

'லூனாஸ் நாக்கு' மூடப்பட்டது. எனக்கு உறவில் 'நடு அடுக்கு' என்ற பெயர் நிலைத்தது. ("நடு அடுக்கு வந்தாச்சா? அப்ப பந்தி போடலாம்.") மச்சான் ஞாயிற்றுக்கிழமைகளில் மறுபடியும் வரத் தொடங்கினார். முதல் ஞாயிறே சமையற்கட்டிலிருந்து ஒரு கிண்ணத்தைக் கொண்டுவந்து நீட்டினார். பழக்கதோஷத்தில் முழுப் பெயரும் சொல்லி, "காரம் இல்லை, பெருங்காயம் அதிகம், மொத்தத்தில் சுமார்," என்றேன். மச்சான் தரையில் உட்கார்ந்து சிரித்தார். சமைத்தவள் வசந்தி. என் முதுகுக்குப் பின்னால் நின்றிருந்தாள்.

அதன் பிறகு ஒரு விதி கொண்டுவந்தேன்: என்னிடம் கருத்துக் கேட்பதற்கு முன்னால் சமைத்தவர் யார் என்பதை வெளியிட வேண்டும். வெளிப்படைத்தன்மை இரண்டு பக்கமும் இருக்க வேண்டும் அல்லவா?

இன்றுவரை ஒவ்வொரு ஞாயிறும் கேட்டுப் பார்க்கிறேன். கிண்ணத்தை என் முன்னால் வைத்துவிட்டு, முகத்தை அசைக்காமல், வசந்தி சொல்லும் பதில் ஒன்றுதான்:

"சமைச்சவங்க பேரச் சொல்ல விரும்பல. நீங்க சாப்பிட்டுட்டுச் சொல்லுங்க."